விகாரையின் தெற்கு வாசல்

நெருப்பெரிச்சல் ஊரில் கட்டவிருந்த புத்த விகாரைக்கு வரைபடம் போட உட்கார்ந்தபோது, நதியா முதலில் தீர்மானித்தது தெற்கு வாசலைத்தான். அந்தப் பக்கம்தான் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். பனியன் கம்பெனிகளில் செக்கிங்கும் அயர்னிங்கும் பார்க்கிற அந்த வீட்டுக்காரர்கள்தான் சங்கம் வைத்து மனையை வாங்கியவர்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மெயின் ரோட்டைச் சுற்றாமல் நேராக உள்ளே வந்து உட்கார வேண்டும் என்று நினைத்தாள். அவள் சிவில் என்ஜினியர். வடிவமைப்பு முதல் சிமெண்டு இறக்குவது வரை விகாரையின் முழுப் பொறுப்பும் அவளுடையது.

கூரைக்குக் கான்கிரீட் போட வேண்டிய அன்று காலையில் வந்து பார்த்தால் அந்த வாசலைக் காணோம். ஹாலோ பிளாக் கற்களை வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது.

"யாருண்ணே அடைக்கச் சொன்னா?"

மேஸ்திரி கன்னையன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சதீஷ்குமார் சார் நேத்து பொழுதோட வந்தாருங்க. உங்ககிட்டச் சொல்லிட்டேன்னாருங்க."

சதீஷ்குமார் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனியின் முதலாளி. கூரையும் குவிமாடமும் கல் புத்தரும் தன் செலவு என்று ஏற்றுக்கொண்டவர். நதியா போனை எடுப்பதற்குள் அவரே காரிலிருந்து இறங்கினார். பின்னாலேயே ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரியும் வந்து நின்றது.

"கோவிச்சுக்காதீங்க மேடம். அடுத்த மாசம் ஜப்பான்ல இருந்து நம்ம சரக்கு எடுக்கற பையர் வர்றாங்க. இங்க கூட்டிட்டு வரலாம்னு இருக்கறனுங்க. அவுங்க தியானம் பண்றப்ப அந்தப் பக்கத்து ஆளுக குழந்தை குட்டியோட பொசுக்குனு உள்ள வந்தா நல்லாவா இருக்கும்? பொறத்தால சந்துல ஒரு சின்னக் கதவு வெச்சுக் குடுத்தர்லாமுங்க."

"அந்தப் பக்கத்து ஆளுக வாங்குன எடம் சார் இது."

"யாருங்க இல்லீன்னாங்க? கோயிலு நல்லா வரோணும்னுதானுங்க நானுஞ் சொல்றேன்."

அவர் சொன்ன ஒவ்வொரு 'ங்க'வும் அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. சங்கத் தலைவர் ராக்கையாவைத் தேடினாள். அவர் சதீஷ்குமார் கம்பெனியில்தான் கட்டிங் மாஸ்டர். மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"விடு தாயி. கூரையைப் போட்டுக் குடுக்கட்டும். வாசலப் பொறவு பாத்துக்கிருவோம்."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ராக்கையா தரையைப் பார்த்தார். "நேத்து எங்கிட்டக் கேட்டாக. சரின்னுட்டேன்."

"ஊர்ல கோயிலுக்கு வெளிய நின்னது போதும்னுதான இங்க வந்தீக? புத்தருகிட்டயும் பின்வாசலாண்ணே?"

அவள் நேரே லாரியிடம் போனாள்.

"திருப்பிக் கொண்டு போங்க."

"கலவை இறுகிரும்க்கா," என்றார் டிரைவர்.

"இறுகட்டும்."

சதீஷ்குமாரிடம் அதுவரை இருந்த மரியாதை கழன்றுகொண்டது. "என்ற காசுல நடக்கற வேலையை நிறுத்த நீ யாரு?"

"கட்டடத்துக்குப் பொறுப்பு நான். நான் சொல்லாம ஒரு சட்டி கான்கிரீட் மேல ஏறாது."

அவர் கன்னையனைப் பார்த்தார். கன்னையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "மேடம் சொல்லோணுமுங்க," என்றார்.

சத்தம் கேட்டு, ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் கூடிவிட்டார்கள். "எங்க வாசல எங்கடி காணோம்?" என்று பாண்டியம்மாளின் குரல் கேட்டது. செக்கிங் பார்க்கிறவள். அஸ்திவாரத்துக்கு மண் சுமந்தவள்.

"அடைச்சிட்டாங்கக்கா. நீங்க உள்ள வரக் கூடாதாம்," என்றாள் நதியா, எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்தப் பக்கம் யாரோ ஓடிப்போய்த் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு சுவர் அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. ஈரப் பூச்சு பெயர்ந்து விழுந்து, ஒரு கல் உள்பக்கமாகச் சரிந்தது. அந்த ஓட்டையில் கடப்பாரையும், அதன் பின்னால் பாண்டியம்மாளின் வியர்த்த முகமும் தெரிந்தன. நதியா இந்தப் பக்கமிருந்து வெறுங்கையால் கற்களை இழுத்துப் போட்டாள். நகம் பிய்ந்தது. நிறுத்தவில்லை.

"இடிங்க! கூரையும் கெடையாது, சிலையும் கெடையாது," என்று சொல்லிவிட்டு சதீஷ்குமார் காரில் ஏறினார். லாரியும் போனது.

சொன்னபடியே செய்தார். நதியா பல்லைக் கடித்துக்கொண்டு குவிமாடத்தை வரைபடத்திலிருந்து எடுத்தாள். கூரைக்கு இரும்புச் சட்டம் அடித்துத் தகரம் போட்டார்கள். வைகாசிப் பௌர்ணமியன்று சிறிய சிமெண்டு புத்தரை வைத்தார்கள். உள்ளே வெக்கை தாங்கவில்லை. ஆனாலும் ஷிப்ட் விட்ட பெண்கள் சாப்பாட்டுப் பையோடு தெற்கிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள்.

ராக்கையா நதியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் கோவமா தாயி?"

"ஆமா."

"புத்தர் முன்னாலயுமா?"

"அவரு மேல இல்ல. நீங்க சரின்னு சொன்னீகளே, அது ஆறல."

காற்றில் கிழக்கு மூலைத் தகரம் போல்ட் தளர்ந்து படபடத்தது. நதியா எழுந்து போய்க் கன்னையனிடம் ஸ்பேனர் கேட்டாள்.