மூடி வைத்துப் பார்த்தவள்

படகுக்காரருக்கு மூன்று வாரமாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. காலையில் நர்சுகளும் வாத்தியார்களுமாக நாற்பது பேர் அவர் படகை நம்பித்தான் அக்கரைக்கு வேலைக்குப் போகிறார்கள். இருபது நிமிடத்தில் போய்க்கொண்டிருந்த படகு இப்போது அரை மணி எடுத்தது. வேக நெம்புகோலை முழுதாகத் தள்ளினாலும் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்று சுற்ற வேண்டிய இன்ஜின் ஆயிரத்து எண்ணூறிலேயே முக்கிக்கொண்டு நின்றது. பின்னால் கரும்புகை கிளம்பி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் முன்பக்கம் ஓட வேண்டியிருந்தது.

மெக்கானிக் இரண்டு பேர் பார்த்தாகிவிட்டது. ஒருவர் ஃபில்டர்களை மாற்றி, இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தார். இன்னொருவர் டர்போவைப் பார்த்தார். இருவர் முன்னாலும் இன்ஜின், விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி சமர்த்தாக ஓடியது. அவர்கள் தலை மறைந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்றது. கடைசியில் இன்ஜினுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வயது ஆறுதான்.

படகுக்காரர் மனைவியின் தங்கை சரக்குக் கப்பலில் இன்ஜினியர். விடுமுறைக்கு அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அவளைக் கூப்பிடச் சொல்லி மனைவி நச்சரித்தாள். அவருக்குத் தயக்கம். மூன்று மாடி உயர இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது விளையாட்டுச் சாமானாகத் தெரியுமே, சிரித்துவிடுவாளே என்று. கடைசியில் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படகில் ஏறியதும் அவர் வழக்கம்போல இன்ஜின் அறை மூடியைத் தூக்கக் குனிந்தார்.

"அது அப்படியே இருக்கட்டும் அத்தான். ஆளுங்க இருக்கும்போது எப்படி ஓட்டுவீங்களோ அப்படி ஓட்டுங்க" என்றாள்.

வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற மாதிரி இருந்தது அவருக்கு. ஆனாலும் ஓட்டினார். அவள் புகையைப் பார்த்தாள், சுற்று காட்டும் முள்ளைப் பார்த்தாள். டீசல் எங்கே வாங்குகிறார், எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் என்ன மாறியது என்று கேட்டாள். ஒன்றும் மாறவில்லை என்றார். புரொப்பெல்லரில் ஏதாவது சுற்றியிருக்குமோ என்று தானே முங்கிப் பார்த்ததையும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து மூடியின் கைப்பிடியை மெல்ல இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அடியிலிருந்து யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல அது உட்கார்ந்திருந்தது.

புது ரப்பர் வைத்ததால் இறுக்கமாக இருக்கிறது என்றார் அவர்.

"வேகத்தைக் குறைங்க."

குறைத்தார். மூடி ஒரு கையில் வந்தது. உடனே திரும்ப மூடினாள். அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

கரைக்கு வந்ததும், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் மூன்று கஜம் வாங்கி வரச் சொன்னாள். ஒரு முனையை ஒயர் போகிற துளை வழியாக இன்ஜின் அறைக்குள் விட்டு, சந்தில் துணியை அடைத்தாள். மறுமுனை வெளியே. நடுவில் தொட்டில் மாதிரி வளைத்துப் படகின் சுவரில் கட்டித் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாக நின்றது. மறுபடி நடுநீருக்குப் போய் அவர் நெம்புகோலைத் தள்ளத் தள்ள, ஒரு பக்கம் தண்ணீர் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. முழு வேகத்தில் வித்தியாசம் ஒரு ஜாணுக்கு மேல்.

"இன்ஜின் டீசலை மட்டுமா குடிக்குது அத்தான்? காத்தையும்தான். உள்ள காத்து வர வழியில்ல. இருக்கறத உறிஞ்சிட்டு மூச்சு முட்டிக் கெடக்குது."

வேகத்தைக் குறைத்து மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி தள்ளச் சொன்னாள். தண்ணீர் சமமானது. முள் ஒரே மூச்சில் இரண்டாயிரத்து நானூறைத் தொட்டது. பின்னால் புகையைக் காணோம்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த மெக்கானிக்குகள் பார்ப்பதற்காக மூடியைத் திறந்தார்கள். திறந்ததுமே நோய் ஓடிவிட்டது. அதைவிடப் பெரியதும் உறைத்தது. சரியாக மூன்று வாரம் முன்பு, இரைச்சலில் பேச முடியவில்லை என்று வாத்தியார்கள் குறைப்பட்டதால், இன்ஜின் அறை முழுக்கத் தன் கையாலேயே பலகையும் பஞ்சும் அடித்து, பக்கவாட்டு ஓட்டைகளையும் மூடியிருந்தார். அந்த ஓட்டைகள் வெயில் காலத்தில் உள்ளே சூடு தணியத்தான் என்று நினைத்திருந்தார். அது தச்சு வேலை. இன்ஜினோடு அதைச் சேர்த்து யோசிக்கவே இல்லை.

"அப்போ நான்தானா?" என்றார் மெதுவாக.

அவள் பலகை இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தாள். "வேலை அவ்வளவு சுத்தம் அத்தான். ஈ, எறும்பு போக எடமில்ல. அதான் வினை."

பலகையைப் பிய்த்துப் போடுவாள் என்று நினைத்தார். அவள் அதில் கை வைக்கவில்லை. பழைய ஓட்டைகள் இருந்த இடத்தை மட்டும் அறுத்து, உள்ளே இரண்டு முறை மடங்கிப் போகும் பெட்டி ஒன்று செய்யச் சொன்னாள். காற்று வளைந்து போய்விடும், சத்தம் முட்டிக்கொண்டு நின்றுவிடும் என்றாள். மறுநாள் முழுக்க அவர் மரம் அறுக்க, அவள் மல்லாந்து படுத்துத் திருகாணி முடுக்கினாள். அப்புறம் மூடியைப் போட்டுவிட்டு, முழு வேகத்தில் ஓட்டிக் குழாயைப் பார்த்தார்கள். வித்தியாசம் அரை விரல்கூட இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு முதல் மெக்கானிக் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் படகுக்காரர் நினைத்தார். அவரோ குழாய் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இன்ஜினை ஓட விட்டு, பெட்டியின் வாயைத் துணியால் அடைத்துக் காட்டச் சொன்னார். தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார். துணியை எடுத்ததும் இறங்குவதைப் பார்த்தார். "இருபது வருசமா மூடியத் திறந்துட்டுத்தான் யோசிச்சிருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு, குழாய் வாங்கிய கடை எது என்று விசாரித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை படகு இருபது நிமிடத்தில் அக்கரை சேர்ந்தது. என்ன கோளாறு என்று நர்சுகள் கேட்டார்கள். வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் தன் பலகைக் கதையை ஒன்று விடாமல் சொல்லி, கொழுந்தியாள் கண்டுபிடித்த விதத்தை இரண்டு தரம் சொன்னார். அன்று மாலைக்குள் மூன்றாவது தரமும் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் அவள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அவர்தான் அக்கரைக்கு ஏற்றிப் போனார். பெட்டியைக் காலடியில் வைத்து, இன்ஜின் அறை மூடிமேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் நெம்புகோலை முழுதாகத் தள்ளினார். பாதித் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் தூங்கிப்போயிருந்தாள். தூக்கத்தில் இருந்தாலும் இன்ஜின் சத்தம் இம்மி மாறினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள்.

அக்கரை வரும்வரை அவள் கண் திறக்கவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் அவர் படகை ஓட்டினார்.