கடைசிக் கட்டு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு மருந்துக் கிடங்கு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் அதிகாரி புதன்கிழமை மதியம் என்னிடம் சொன்னது. செயற்கை நுண்ணறிவை நிறுவனங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று கட்டுரை எழுதப் போயிருந்தேன். பேட்டி முடிந்து குறிப்பேட்டை மூடிய பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார். பாதியில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கட்டுரை அங்கே கதையாயிற்று.

2

முதல் தொடக்கம்: 'இயந்திரம் சிந்திக்குமா என்று மனிதன் கேட்கத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு'...

வேண்டாம். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கிறது. வரலாறு காத்திருக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள் அதிகாரி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் இயந்திரம் ஓராண்டாகச் சரியாக வேலை செய்கிறது, எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பலாம் என்கிறது படிவம்.

இது பரவாயில்லை.

3

அதிகாரியின் தங்கை அந்தக் கிடங்கு வேலைக்கு மூன்று முறை விண்ணப்பித்தார். ஒன்பது வருட அனுபவம். மூன்று முறையும் நூற்றுக்கு முப்பத்தொன்று.

"மெஷினுக்கு என்னைப் பிடிக்கலையா, இல்ல உனக்கா?" என்று கேட்டார் தங்கை.

"நான் தொடவே இல்லடி. அதுவா போடுது."

"அதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா அக்கா?"

மறுநாள் அதிகாரி தங்கையின் விண்ணப்பத்தில் முகவரியை மட்டும் அழித்துவிட்டு, தன் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்தார்.

எழுபத்தெட்டு.

4

(காத்திருந்த வரலாறு இங்கே வேண்டும். ஏறக்குறைய எழுபது வருடங்களுக்கு முன் சில அறிஞர்கள் ஒரே கோடையில் பெரிய முன்னேற்றம் கண்டுவிடலாம் என்று நம்பிக் கூடினார்கள். நடக்கவில்லை. பிறகு நிபுணர்களை உட்காரவைத்து, 'எப்படி முடிவெடுக்கிறீர்கள்?' என்று கேட்டு, பதில்களை விதிகளாக எழுதிப் பார்த்தார்கள். நிபுணர்கள் அழகாகத்தான் பதில் சொன்னார்கள். இன்றைய இயந்திரம் அப்படி யாரையும் கேட்பதில்லை. நாம் செய்து வைத்திருப்பதைப் பார்த்துக் கற்கிறது.)

அதிகாரி செய்து வைத்தது இது. விண்ணப்பங்கள் காகிதமாக வந்த காலத்தில் பகுதிவாரியாகக் கட்டி வைப்பார்கள். ரயில் பாதைக்கு அப்பால் உள்ள பகுதி எப்போதும் கடைசிக் கட்டு. அது மேசைக்கு வரும்போது மணி ஐந்தேகால். அதிகாரியின் பேருந்து ஐந்தரைக்கு. கட்டைப் பிரிப்பார், படிக்கமாட்டார். ஒவ்வொன்றிலும் 'தகுதியில்லை' முத்திரை. எட்டு வருடம். பிறகு அந்த முடிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றி இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுத்தார்கள். தங்கை கல்யாணமாகிக் குடிபோனது அந்தப் பகுதிக்குத்தான்.

"என்னோட அவசரத்த அது கொள்கைன்னு எடுத்துக்கிச்சு சார்," என்றார் அதிகாரி.

5

முடிவு அ: மேலாளரிடம் உண்மையைச் சொல்கிறார். எழுதிப் பார்த்தேன். நான் எழுதிய மேலாளர் மனம் உருகிவிட்டார். அதிகாரியிடம் படித்துக் காட்டினேன்.

"உருகுவாரா? மொதல்ல என்னை வீட்டுக்கு அனுப்புவார். அப்புறம்தான் மெஷினைப் பத்தி யோசிப்பார்."

கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ தங்கையுடையது. எழுபத்தெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் சொன்னாராம்: "அப்ப உன் அட்ரஸ்ஸையே போட்டு விடுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

இது நடக்கக்கூடியது. தங்கைக்கு வேலை கிடைக்கும், அக்காவுக்கு வேலை நிலைக்கும். பாதைக்கு அப்பால் மற்றவர்கள்... (இந்த வாக்கியத்தை மூன்று முறை முடித்து மூன்று முறையும் அடித்தேன். பிரசங்கமாகிறது.)

"என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்னு சொன்னேன்."

6

வெள்ளிக்கிழமை, பத்து இருபது. அதிகாரி போன் செய்தார்.

"கதைய முடிச்சிட்டீங்களா?"

"நீங்கதானே முடிக்கணும்."

"கையெழுத்துப் போடலைன்னு எழுதி அனுப்புங்க. எழுத்துல பாத்தா தைரியம் வரும்."

எழுதினேன். அனுப்புவதற்குள் மறுபடி அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"போட்டேன்னும் ஒண்ணு எழுதுங்க. ரெண்டையும் படிச்சுப் பாக்கறேன்."

இரண்டையும் அனுப்பினேன்.

அதிகாரி கையெழுத்துப் போடவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

படித்துவிட்டார் என்று என் திரை காட்டுகிறது. பதில் இல்லை. ஒரு வரியை அடித்தாக வேண்டும். எனக்குக் கை வரவில்லை, இதைப் படிக்கும் நீங்கள் அடியுங்கள். மணி பத்து ஐம்பத்தெட்டு.