தானாக விழாத பழம்

குடியிருப்பின் பின்பக்கம் நின்ற அந்தப் பெயர் தெரியாத மரத்தால் கத்தரி அக்காவின் பெயர் கெட்டது. கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். மரத்தடியில் கிடந்த ஊதாப் பழம் ஒன்றைக் கழுவி, மாடியில் குடியிருக்கும் தன் தங்கையின் மகளுக்குக் கொடுத்தாள். பிள்ளை கடித்ததும் பால் வடிந்து உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. பயந்து அழுது, வாந்தி எடுத்து, டாக்டர் வரைக்கும் போய் வந்தது.

டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். தங்கை கடைக்குள் கால் வைக்காமல் வாசலில் நின்று, "இனிமே பாப்பா இந்தப் பக்கம் வர மாட்டா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். வெட்டுத்துணியில் பொம்மைக்குச் சட்டை கேட்டு நச்சரிக்க ஆளில்லாமல் கடை வெறிச்சென்று ஆனது.

"பால் வடியற மரம்னாலே விஷம்தான். ஞாயித்துக்கிழமை ஆள் வந்து வெட்டிடுவான்" என்றார் குடியிருப்புச் செக்ரெட்டரி.

"பேரு ஊரு விசாரிக்காம மனுஷனத் தூக்குல போடுவாங்களா? மரத்துக்கு மட்டும் என்ன சார் நியாயம் இது?"

"அப்போ விசாரிச்சுச் சொல்லுங்க" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது.

முதலில் செல்போனில் படம் பிடித்துக் கேட்டாள். அது காலையில் ரப்பர் மரம் என்றது, மதியம் அத்தி என்றது. சாயங்காலமும் கேட்டிருந்தால் தென்னை என்றிருக்கும். போனை மேசையில் போட்டுவிட்டு மரத்தடிக்கே போனாள். எந்தப் பருவத்திலும் மொட்டையாக நிற்காத மரம் அது. இலையின் மேல்பக்கம் வழவழவென்று கரும்பச்சை. திருப்பினால் செம்பொன் நிறம், தடவினால் பூனைக்குட்டி போல மென்மை. நல்ல கோட்டுக்குள் வைத்துத் தைத்த பட்டு லைனிங் மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் குப்பை கொட்டப் போன இடத்தில் இதைப் பார்க்கவே இல்லையே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். இலை காம்போடு சேரும் இடத்தில், ஊதா கலந்த வெள்ளையில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பூக்கள் கொத்தாக இருந்தன.

இலை, பூ, விழுந்து கிடந்த பழங்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பழக்கடைக்காரரிடம் போனாள். அவர் இலையைத் திருப்பிப் பார்த்ததுமே, "ஸ்டார் பழம்க்கா இது" என்றார்.

"என் காதுல பூ சுத்தாதீங்க. ஸ்டார் பழம்னா மஞ்சளா, விலா எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும்."

"அதுக்கு ஸ்டார் வெளிய. இது ஸ்டார் ஆப்பிள், இதுக்கு ஸ்டார் உள்ள."

தன் கடைக்கு ஓடிவந்து பழம் ஒன்றை வெட்டினாள். காம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரே வெட்டு, எல்லாரும் வெட்டுகிற மாதிரி. வெள்ளைச் சதையும் பாலும் கறுப்பு விதையும் தெரிந்தன. நட்சத்திரம் மட்டும் இல்லை. பழக்கடைக்காரர் கதை விட்டுவிட்டார் என்று திட்டிக்கொண்டே, பாதியில் கிடந்த பாவாடைத் துணியை எடுத்து விரித்தாள். கோடு போட்ட துணி. நீளவாக்கில் வெட்டினால் ஒரு தோற்றம், குறுக்கே வெட்டினால் வேறு தோற்றம். இன்னொரு பழத்தை எடுத்துக் குறுக்கே வெட்டினாள். நட்டநடுவில் நட்சத்திரம் இருந்தது.

ஆனால் பால் வடியத்தான் செய்தது. மறுபடி பழக்கடைக்குப் போய், பிள்ளைக்குக் கொடுத்த கதையைச் சொன்னாள்.

"விழுந்ததையா குடுத்தீங்க? ஐயோ அக்கா, அது காயி. இந்த மரத்துல பழுத்தது தானா விழாது. தொட்டா மெத்துன்னு இருக்கும், தோல் மினுமினுப்பு போயிருக்கும். காம்போட வெட்டி எடுக்கணும். தோல்ல பால் இருக்கும், அத விட்டுட்டுக் கரண்டியால எடுத்துச் சாப்பிடணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ரம்பக்காரர் கயிற்றோடு வந்தபோது கத்தரி அக்கா ஏணியில் நின்றாள். கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி. அதால் யாராவது காகிதம் வெட்டினாலே ஆளை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள், அன்று அதையே காம்பில் வைத்தாள். கிளை கிளையாகப் பழங்களை அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்த ஒன்றை நறுக்கிக்கொண்டு இறங்கினாள். செக்ரெட்டரியின் மூக்குக்கு நேராகக் குறுக்கே வெட்டி நட்சத்திரத்தைக் காட்டினாள். முதல் கரண்டியைத் தன் வாயில் போட்டாள். அடுத்ததை அவருக்கு நீட்டினாள்.

தயங்கித் தயங்கி வாங்கியவர் இன்னொரு கரண்டி கேட்டார். ரம்பக்காரர் கயிற்றைச் சுருட்டினார்.

மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தங்கை இறங்கி வந்தாள்.

"பாத்தியா? விஷம் இல்லடி!" என்றாள் அக்கா.

"மரம் நல்ல மரம்தான். அது உனக்கு இப்போதான தெரியும்? அன்னிக்கு என்னன்னே தெரியாமத்தான எம்புள்ளைக்குக் குடுத்தே?"

மரத்துக்காக மல்லுக்கட்டிய மும்முரத்தில் அக்கா தான் செய்ததை நினைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"ஆமாடி. தெரியாமத்தான் குடுத்தேன். மரத்து மேல தப்பில்ல, எம்மேலதான்."

தங்கை கரண்டியைப் பிடுங்கி, ஒரு வாய் தின்று, நாக்கைச் சப்புக்கொட்டினாள். தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பாப்பா, கீழ வா. பெரியம்மா கூப்பிடறா பாரு."

அக்கா கூப்பிடவே இல்லை.