இருநூற்று எழுபது பவுண்டு

தராசில் ஏறும் பையன்களை டெலானி நிமிர்ந்து பார்ப்பதில்லை. காலை ஐந்தரை மணிக்கு, சட்டையில்லாமல், அரைக்கால் சட்டையோடு மட்டும் வரிசையில் வந்து நிற்பார்கள். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்காதா, சொல்லுங்கள். சிவப்பாக எரியும் எண்ணை மட்டும் பார்த்து, உரக்கச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதுவாள். தெற்கு டகோட்டாவின் அந்தச் சின்னக் கல்லூரியில், தலைக்கவசம் போட்டு மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால் அணியின் ஜிம்மில் அவள் பயிற்சி மாணவி. கோடை முடியும்போது பயிற்சியாளர் ராட்கி கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். அதுவரை இரும்புத் தட்டுகளைத் துடைத்து அடுக்குவது, புரதப் பால் கலக்குவது, எடை எழுதுவது எல்லாம் அவள் தலையில்.

"கார்வின், இருநூத்தி எழுபத்தொண்ணு," என்றாள் அன்று.

"அடேயப்பா, முந்தாநேத்து இருநூத்தி அறுபத்தொண்ணு. பசுமாட்டையே முழுங்கிட்டியாடா?" என்றான் பின்னால் நின்றவன்.

கார்வின் முன்வரிசைக்காரன். எதிரணி பாய்ந்து வரும்போது சுவராக நின்று மறிக்க வேண்டியவன். இருநூற்று எழுபது பவுண்டு இல்லையென்றால் முதல் ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் இடமில்லை என்று ராட்கி சொல்லியிருந்தார்.

எல்லோரும் மைதானத்துக்குப் போனபின் டெலானி தட்டுகளை அடுக்கினாள். ஐந்து பவுண்டுத் தட்டுகளில் இரண்டு குறைந்தன. பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது கார்வின் திரும்பி வந்தான், கைக்கு ஒன்றாகத் தட்டுகளை ஏந்திக்கொண்டு. தொடைகளில் பிளாஸ்திரி உரித்த இடம் வட்டமாகச் சிவந்து கிடந்தது.

"சொல்லிடாத, டெலானி. ஒமாஹாவுலேருந்து அம்மா வராங்க. மொத ஆட்டம் பாக்கணும்னு லீவு கேட்டு வாங்கியிருக்காங்க. எனக்குக் காலையில சாப்பாட்டப் பாத்தாலே குமட்டுது, என்ன செய்ய?"

"பலகையில இருக்கறது என் கையெழுத்துடா."

அவன் பலகைக்குப் போய் உள்ளங்கையால் அந்த எண்ணை அழித்தான். தன் கோணல் எழுத்தில் 261 என்று எழுதினான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ராட்கி காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார். "எங்க காலத்துல தண்ணியக் குடிச்சிட்டு ஏறுவோம். நான் தராசு மேலயே வாந்தியெடுத்தவன். மூணு வாரம் இருக்கு. இவன் எடை ஏறலேன்னா இவனுக்கு பஸ் இல்ல. பாக்காம எழுதினதுக்கு உனக்குக் கையெழுத்தும் இல்லம்மா."

அன்றிலிருந்து டெலானி அவன் சாப்பிடுவதைப் பார்க்க உட்கார்ந்தாள். நாலாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. முட்டையை அவன் மூக்கருகே கொண்டுபோகும்போதே முகம் சுருங்கியது. புரதப் பாலின் இனிப்பு தொண்டையிலேயே நின்றது. சூடும் மணமும்தான் அவனுக்கு எதிரி. ஆறிப்போனதை மறுக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஆறவைத்தாள். ஆறிய கோழி, ஆறிய மக்ரோனி, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. மணிக்கு ஒரு தரம், கொஞ்சம் கொஞ்சமாக, வகுப்பு வாசலில்கூட நின்று கொடுத்தாள்.

"தராசக்கா, எங்களுக்கும் ஊட்டி விடறது?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

"வரிசையில நில்லுங்கடா," என்பாள்.

இருநூற்று அறுபத்து நாலு. அறுபத்தாறு. அறுபத்தெட்டில் மூன்று நாளாக அசையாமல் நின்றது.

மறுநாள் கடைசி எடை. சாயங்காலப் பயிற்சி முடிந்து மைதானம் காலியாகிவிட்டது. சுட்டு ஆறவைத்து, தாளில் சுற்றிய பெரிய உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு அவள் வந்தபோது, கார்வின் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். கூப்பிடாமலே கையை நீட்டினான். பிரித்துக் கடித்தான்.

"உப்பு இல்லியா?" என்றான்.

டெலானி ஒரு கணம் திகைத்தாள். மூன்று வாரத்தில் அவன் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. பையைத் துழாவிப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

அப்போது புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாய்கள் சீறிக்கொண்டு கிளம்பின. டெலானி தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தாள். கார்வின் எழுந்திருக்கவில்லை. தலைக்கவசத்தைக் கிழங்குக்குக் குடையாகப் பிடித்து, நீர் முதுகில் அடித்து ஓட, குனிந்து மென்றுகொண்டிருந்தான்.