மிதந்த வேர்கள்

வெள்ளத்தைத் தாங்குமா என்று பார்க்க மூன்று வாரம் தொட்டித் தண்ணீரில் நிறுத்தியிருந்த செடிகளை அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். மக்காச்சோளம் அழுகியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதன் காட்டு உறவான, புல்லைப் போலப் புதர்விடும் அந்தச் செடியும் செத்துக் கிடந்தது. சதுப்பில் பிறந்த செடி. அது தண்ணீரில் சாவதாவது!

செத்த வேர் ஒன்றை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தாள். உள்ளே தேன்கூடு மாதிரிக் காற்றறைகள். இலையிலிருந்து வேர் நுனிவரை மூச்சு போகும் வழி. அந்த மூச்சு கசிந்துவிடாதபடி வெளியே கெட்டியான தோல். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஏன்?

ஐந்து தொட்டிகளில் சுவரோரத் தொட்டியில் மட்டும் நான்கு காட்டுச் செடிகள் பச்சையாக நின்றன. அவற்றைச் சுற்றி, நீர்மட்டத்தில் வெள்ளை வேர்கள் நூல்நூலாகப் படர்ந்திருந்தன. மற்ற தொட்டிகளில் ஒரு தூசுகூட இல்லை.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன் அவளுடைய அண்ணன். வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தவனை, கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் இந்த ஆய்வு நிலையத்தில் சேர்த்துவிட்டிருந்தாள்.

"அண்ணா, இந்தத் தொட்டியை மட்டும் என்ன பண்ணுன?"

"அழுக்கா இருக்குன்னு கேக்குறியா? சுவரோரம், கை எட்டல. மத்ததைப் பாரு, முகம் பாத்துத் தலை சீவலாம். தினமும் அந்த வெள்ளைப் பாசியை வழிச்சு வழிச்சு இடுப்பே விட்டுப்போச்சு."

"அது பாசி இல்லண்ணா. வேர். மூச்சு விட மேல வந்தது."

"வேர் மண்ணுக்குள்ள இருக்கும்டி. இதை நான் வந்து உனக்குச் சொல்லணுமா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

"அப்போ... நானா கொன்னேன்?"

பிரிவுத் தலைவர் கதவில் தலையை மட்டும் நீட்டினார். "காட்டுச் செடியும் தேறலைன்னு எழுதிடும்மா. இனிமே இந்த விதை நமக்கு வேண்டாம்." போய்விட்டார்.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. உண்மையை எழுதினால் அண்ணனின் வேலை போகும். எழுதாவிட்டால், தண்ணீரில் பிழைக்கத் தெரிந்த செடியை இங்கே இனி யாரும் விதைக்கப்போவதில்லை. பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். 'நீர்மட்ட வேர்கள் தினமும் அகற்றப்பட்டன.'

அவன் அவள் தோளுக்கு மேலே குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"யார் அகற்றினதுன்னு போடலையே?"

"கேப்பாங்கண்ணா."

அவன் ரப்பர் கையுறைகளைக் கழற்றி, உதறி, தொட்டி விளிம்பில் காயப் போட்டான்.

"உங்க அண்ணிகிட்ட நீயே சொல்லிடு," என்றான். "என்னால முடியாது."