குசினிக்குள் வந்த பர்கண்டிச் சரிவு

ஸ்கீவ நகரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மாக்கிரட்டின் குசினிக்குள் பிரான்சின் பர்கண்டிப் பகுதி மலைச்சரிவு ஒன்று வந்து சேர்ந்தது 2021 நவம்பர் பதினான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்கும் மத்தியானச் சோற்றுக்கும் இடையில். சரிவில் இருபத்தொரு வரிசை திராட்சைக் கொடிகள் இருந்தன. அந்த வீட்டில் அதை முந்திரிகை என்பார்கள். குளிர்பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடக்கும் இரண்டு மீற்றருக்குள் ஒன்றரை ஏக்கர் எப்படி அடங்கியது என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. அளவுநாடாவிலும் பிழையில்லை, நிலத்திலும் பிழையில்லை. கிழக்கே பார்த்த சுண்ணாம்புக்கல் தரை என்பதால் காலை வெயில் நேரே அடுப்படியில் விழுந்தது. டென்மார்க்கில் நவம்பர் மாதத்து வெயில் லேசில் கிடைக்கிற சாமான் அல்ல. கீழ்வீட்டுக்காரர்கள் உடுப்புக் காயப்போடலாமா என்று கேட்டு வரத் தொடங்கினார்கள்.

எல்லாம் ஒரு கிறிஸ்மஸ் கேக்கால் வந்தது. மாக்கிரட் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவர். ஆனால் யூலாண்ட் பகுதித் தமிழருக்கெல்லாம் அவரைத் தெரிந்தது கேக்கால்தான். இருபத்தாறு வருடமாக மார்கழி பிறந்தால் அறுபது வீடுகளுக்கு அவருடைய கேக் போகும். அது இல்லாத நத்தார் நத்தாரே இல்லை என்பதுதான் மன்னார்க்காரரும் யாழ்ப்பாணத்தாரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். 2021 மாசியில் வந்த கொரோனா, போகும்போது அவருடைய மணத்தையும் ருசியையும் கூடவே கொண்டுபோய்விட்டது. அந்த ஆவணியில் ஒரு பிள்ளை கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்துக்குச் செய்த கேக்கில் ரோசாப் பன்னீர் மூன்று மடங்கு விழுந்திருந்தது. சனம் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனது. அடுத்த வாரமே நத்தார்க் கேக்குகளை ரண்டர்ஸிலிருக்கும் சுஜீவாவிடம் சொல்லிவைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் செத்திருந்தாலும் மாக்கிரட் இவ்வளவு அழுதிருக்க மாட்டாள் என்று கணவர் லோரன்ஸே சொல்லித் திரிந்தார். ஐம்பத்தெட்டு வயதில் நாக்கை இழந்த சமையல்காரிக்கு வேறு என்னதான் மிச்சம்?

கடைசியாக ஒரு தரம் முயன்று பார்ப்பது, சரிவராவிட்டால் கேக் தட்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிடுவது என்று மாக்கிரட் நவம்பர் தொடக்கத்தில் முடிவெடுத்தார். மூன்று கிலோ முந்திரிகை வற்றலை ஊறப்போட வெளிக்கிட்டபோது பிராண்டி முடிந்துபோயிருந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வைன் போத்தல் நின்றது. தளபாடத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்ததற்காக லோரன்ஸுக்கு முதலாளி தன் கையால் கொடுத்தது. குடிக்க மனம் வராமல் வைத்திருந்தார்கள். தாளில் 1990 என்று போட்டிருந்தது. திகதி ஒரு நாள் தாண்டினால் தயிரையும் குப்பையில் போடுகிற சமையலறையில் பழகிய பெண் அதை எப்படி வாசிப்பார்?

"இஞ்சருங்கோ, இது தொண்ணூறிலேயே திகதி முடிஞ்ச சாமான். உங்கட முதலாளி நல்லா ஏமாத்திப்போட்டார்."

"அவர் நல்ல மனுசன், தெரியாமல் தந்திருப்பார்," என்றார் லோரன்ஸ். "ஊத்து. எப்படியும் ஒவனுக்குள்ள வேகத்தானே போகுது."

மாக்கிரட் மணந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முழுப் போத்தலையும் வற்றலில் கவிழ்த்தார். 1990 என்பது பழம் பறித்த ஆண்டு என்பதும், அந்த ஆண்டில் பர்கண்டியின் அந்தச் சரிவிலிருந்து முந்நூறு போத்தல்கள்தான் வெளியே வந்தன என்பதும், அது குடிக்கப் பக்குவமாகி நின்ற நேரம் அதுதான் என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

வற்றல்கள் வைனைக் குடித்தன. மூன்றாம் நாள் சுருக்கம் விரிந்து பழமாயின. ஐந்தாம் நாள் காம்பு வைத்துக் குலையாயின. எட்டாம் நாள் பூசையால் வந்து கதவைத் திறந்தபோது மலையே நின்றது. கேக்குக்குப் பழம் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் மாக்கிரட்டுக்கு முதலில் வந்த கவலை. மகள் ஜெசிக்கா ஓகுஸிலிருந்து வந்து பார்த்து, "ஹோல் நு ஒப், மோர்!" போதும் நிறுத்து அம்மா என்று டெனிஷில் தாயை ஏசிவிட்டு, அடுத்த நிமிடம் சப்பாத்தோடு சரிவின் உச்சியில் நின்ற கல்மதில்வரை ஓடினாள். குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வீட்டுக்குள் செடி வளர்க்கலாம், கீழ்மாடிக்குத் தண்ணீர் ஒழுகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நத்தாருக்குக் கேக் இல்லை.

சரிவு பிரான்சிலும் தன் இடத்தில்தான் இருந்தது. தொல்லை என்னவென்றால், அங்கே கிழமை நாட்களில் வறுத்த மிளகாய்த்தூள் மணந்தது. சனிக்கிழமைகளில் தரை துடைக்கிற சவர்க்காரம் மணந்தது. வரிசைகளுக்கு நடுவே செருப்புத் தடங்கள் கிடந்தன. சரிவின் சொந்தக்காரர் எத்தியேன், விற்ற போத்தல்களை ஒவ்வொன்றாக விசாரித்து, 2022 ஆவணியில் மரம் அறுக்கிற கைவாள் ஒன்றோடு ஸ்கீவவில் வந்து இறங்கினார். இங்கே முளைத்த கொடியை வேரோடு அறுத்தால்தான் தன் வைன் தப்பும் என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்து ஜெசிக்கா மொழிபெயர்த்தாள்.

மாக்கிரட் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. ஒரு கிழமையாக விடிய எழும்பிக் கொடிகளுக்குள் நிற்கும்போது ஈரக்கல்லின் மணம் ஒரு நூலளவு வந்து போனது. சொன்னால் போய்விடும் என்ற பயத்தில் லோரன்ஸுக்கும் சொல்லவில்லை. இப்போது வாளைக் கண்டதும் கொடியின் முன்னால் போய் நின்றார்.

"அறுக்க விடமாட்டன். இதுக்குள்ள நிக்கேக்கை மட்டும்தான் எனக்கு மணம் வருது. பழத்தைப் பறிச்சு மிதிச்சுப் பாப்பம். பிழையெண்டால் நீங்களே அறுங்கோ, நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

எத்தியேன் புரட்டாதிவரை வரவேற்பறைக் கதிரையில் படுத்தார். வாளைத் தலைமாட்டில் வைத்திருந்தார். மாக்கிரட்டின் மீன்குழம்புக்கு மட்டும் முகம் சுளிக்கவில்லை.

அறுவடைக்குப் பதினொரு குடும்பங்கள் வாளிகளோடு வந்தன. கழுவிய குளியல் தொட்டிக்குள் பழத்தைக் கொட்டி, மாக்கிரட் கால் கழுவிப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். மூன்றாம் சுற்று மிதிக்கும்போது உள்ளங்காலில் இனிப்புத் தெரிந்தது. அது கணுக்காலில் ஏறியது, முழங்காலில் ஏறியது, வயிற்றைத் தாண்டித் தொண்டைக்கு வந்து கடைசியில் நாக்கில் நின்றது. பதினெட்டு மாதத்துக்குப் பிறகு வந்த ருசி. சந்தோசத்தில் அவர் போட்ட கூச்சலுக்கு மேல்மாடிக்காரர் அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. "இஞ்ச வலப்பக்கம் கிடக்கிறது மேல்மதிலடிப் பழம்," என்றார். "மத்தியானத்துக்குப் பிறகு அங்க நிழல். புளிப்பு இறங்கேல்லை. அதை வேறையாப் போட்டிருந்தால் இது தேன். இவருக்குச் சொல்லு, பிள்ளை."

ஜெசிக்கா சொன்னாள். எத்தியேனின் தாத்தாவும் தகப்பனும் ஆயுள் முழுக்கத் தேடியும் அகப்படாத குறை அது. அவர் தொட்டியின் விளிம்பில் குந்தி, சாற்றைக் கையால் அள்ளிக் குடித்தார். கெட்டது ஒன்றும் இல்லை. அடித்தொண்டையில் மெல்லிய காரம் ஒன்று நின்றது. அதற்கு அவர் பின்னர் தன் வைன் விவரத்தாளில் கறுவா, மிளகு என்று மரியாதையான பெயர்கள் கொடுத்தார். அன்றைக்கு வாய்திறந்து ஒரு சொல்தான் சொன்னார்: "மதாம்." மாலையில் வாளை மறந்துவிட்டுப் போனார். லோரன்ஸ் அதைக்கொண்டு பலகை அறுத்து, அறைச் சுவரில் இரண்டு தட்டு அடித்தார்.

அந்த நத்தாருக்கு எழுபத்திரண்டு வீடுகளுக்குக் கேக் போனது. ரண்டர்ஸிலிருந்து சுஜீவா நேரில் வந்து ஒரு துண்டு சாப்பிட்டார். தட்டிலிருந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்தார். பிறகு, "அக்கா, எனக்கும் காட்டித் தருவியளோ?" என்று கேட்டார். மாக்கிரட் அவருக்கும் ஒரு கேக்கைக் கட்டிக் கொடுத்து, மலையையும் சுற்றிக் காட்டினார். வெற்றியைக் கொண்டாடத் தெரிந்த மனுசி.

மேல்மதிலடிப் பழத்தை இப்போது பிரான்சிலும் வேறாகத்தான் பறிக்கிறார்கள். வைன் நல்லதா என்று எத்தியேன் தன் நாக்கைக் கேட்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு வருடமும் பீப்பாயிலிருந்து ஒரு சின்னப் போத்தல் ஸ்கீவவுக்கு வருகிறது. மாக்கிரட் வேலையால் வந்து, உடுப்பு மாற்றி, ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு டெலிபோனை எடுப்பார். அந்தப் பக்கம் நிலவறையில் எத்தியேனும் அவருடைய ஆட்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. சம்மதம் சொல்கிற ஒரு சொல்லை மட்டும் எல்லோரும் படித்து வைத்திருக்கிறார்கள். மாக்கிரட் விழுங்கிவிட்டு "ஓம்" என்று சொன்ன பிறகுதான் பர்கண்டியில் போத்தலில் அடைக்கத் தொடங்குகிறார்கள்.