தேரிக்கு ஒரு வண்டி

"ஊரு பேரு இன்னாம்மா? டிரிப் ஷீட்ல எழுதணும்," என்று ஆம்புலன்ஸ் டிரைவர் கோபு மூன்றாவது தடவையாகக் கேட்டான். சென்னையை ஒட்டிய வடக்குப்பட்டில், ஜெசிந்தாவின் வாடகை அறை வாசலில் அவள் அப்பா தாவீதின் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்குச் சொந்த ஊர் பேர் தெரியாமலா? அவரை எங்கே அடக்குவது என்றுதான் அவளுக்கு முடிவாகவில்லை.

சுனாமிக்குப் பிந்தைய ஒன்பது வருஷத்தில் கடல் ஏறி ஏறி, தெற்கே அவள் ஊரில் இரண்டு தெருவை விழுங்கிவிட்டது. ஒரு மைல் உள்ளே, தேரி என்னும் செம்மணல் மேட்டில், அரசாங்கம் மனை கொடுத்தது. பாதை இல்லாததால் ஒரு குடும்பமும் போகவில்லை. ஊர்க் கமிட்டிப் பணம் ஒரு வேலைக்குத்தான் காணும்: கரைக்கு இன்னொரு வரிசை கல், இல்லையென்றால் தேரிக்குப் பாதை. ஊர் பாதிக்குப் பாதி பிரிந்து நின்றது. கல் கட்சிக்குத் தலைவர் தாவீதுதான். "கல்லறையில எம் பொஞ்சாதி கெடக்கா. அவள விட்டுட்டு வரமாட்டேன்," என்று ஒரே போடாகப் போட்டவர். போன மழையில் கடல் அந்தக் கல்லறைச் சுவரையும் தொட்டுவிட்டது.

இருதய வைத்தியத்துக்கு மகளிடம் வந்த மனிதர், ஒரு மாதமாக மொட்டைமாடியில் உட்கார்ந்து, எதிரே வரப்போகும் கம்பெனிக்கு லாரி லாரியாக மண் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் ஷிப்ட் முடிந்து வந்தவளிடம், "ஏட்டி, இவனுவ விவரமானவனுவ. இன்னும் ஒரு செங்கல் வைக்கல. மொதல்ல மேட்டத்தான் கட்டுதானுவ," என்றார். அவ்வளவுதான். பிறகு கஞ்சி கேட்டார்.

போன் அடித்தது. கமிட்டிச் செயலாளரான சித்தப்பா.

"பொறப்பட்டாச்சாம்மா? ஒங்கம்மா பக்கத்துலயே குழி வெட்டச் சொல்லியாச்சு."

அம்மா பக்கத்தில். அவளும் அதைத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் இன்னும் இரண்டு மழைக்கு அந்த இடம் தாங்காது. இரண்டு பேரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டிவரும்.

"சித்தப்பா, அப்பாவத் தேரியில வைப்போம்."

"அண்ணனா அப்படிச் சொன்னாவ?"

அறைத்தோழி சந்தனமாரி அவளையே பார்த்தாள். அப்பா மேட்டைப் பற்றிச் சொன்ன அன்று மாடியில் அவளும் இருந்தாள்.

"ஆமா," என்றாள் ஜெசிந்தா. பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது.

"அங்க கல்லறை ஏது மக்கா?"

"பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சா அதுவும் கல்லறைதான. அம்மாவயும் பெறவு அங்க கொண்டு வந்துருவோம்."

"முழங்கால் மணலு. வண்டி எப்படி ஏறும்?" என்றவர் போனை வைத்துவிட்டார்.

"தேரின்னு எழுதுங்கண்ணே," என்றாள் கோபுவிடம்.

"அது எங்கம்மா கீது?"

அவள் வண்டியில் ஏறி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் சித்தப்பா போனை எடுக்கவேயில்லை. செத்தவர் பேச்சை மாற்றிவிட்டாள் என்று ஊர் கோபித்துக்கொண்டதோ என்னவோ.

வெயில் சாயும் நேரத்தில், தேரிக்குத் திரும்பும் இடத்தில் கோபு வண்டியை மெதுவாக்கினான். மணல்மேல் பச்சைப் பனையோலை வண்டி அகலத்துக்குப் பரப்பியிருந்தது; அதற்குமேல் பழைய வலைகள். மேட்டின் உச்சியில் ஆண்களும் பெண்களும் இன்னும் ஓலை சுமந்துகொண்டிருந்தார்கள். அதில் பாதிப்பேர் கல் கட்சிக்காரர்கள்.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி, "நேரா வாங்க, நேரா வாங்க," என்று கைகாட்டிக்கொண்டே வண்டிக்கு முன்னே பின்னோக்கி நடந்தார். டயர் ஓலைமேல் ஏறியது. புதையவில்லை.